ரேஷன் கார்டு பரிசோதனை

ரேஷன் கார்டுகளைப் பரிசோதித்துச் சரிபார்க்கும் காரியம் சில வருஷ காலமாக நாடெங்கும் நடந்து வருகின்றது. கார்டில் பெயர் கண்ட ஒவ்வொருவரும் கடைக்கு வந்து மிஷினில் விரலை வைத்து, தாம் இன்னார்தான் என்று ருஜுப்படுத்த வேண்டும் என்றும், தவறினால் பெயர் அடிபட்டுப் போகும் என்றும் சொல்லப்படுகின்றது. இதைக் கேட்ட மாத்திரத்தில் நமது ஜனங்களில் பெரும்பாலோருக்கு உண்டாவது பயம்தான். ஒரு குற்றமும் அறியாத கிழவிகூட, திருட்டுச் சொத்துடன் பிடிபட்டவளைப் போல் கார்டை மடியில் மறைத்துக்கொண்டு நடுங்குகின்றாள். பரிசோதனை என்றாலே தாம்தான் குற்றவாளி என்று ஏழைகள் எண்ணும்படியாக நம் நாட்டு உத்தியோக முறை அவர்களைப் பழக்கி வைத்திருக்கின்றது.

நாம் இன்று சொல்ல வந்தது என்னவென்றால், உணவு உதவியைப் பரிசோதிப்பது என்பது ஏழையின் நாணயத்தைப் பரிசோதிப்பதல்ல. சர்க்காருடைய கை சரியாக அளந்து போட்டதா என்று பரிசோதிப்பதேயாகும் என்பதும், அளவு கூடியதை மாத்திரம் எண்ணிவிட்டு, குறைந்ததையும் மறுக்கப்பட்டதையும் எண்ணாமல் விடுகின்ற பரிசோதனை யோக்கியமான பரிசோதனை ஆகாது என்பதுமேயாகும்.

பரிசோதனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ரேஷன் அரிசி ஆகாயத்திலிருந்து விழுவதல்ல. குடியானவன் சேற்றில் இறங்கி விளைவித்தது. பொதுஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு வாங்கப்பட்டது. வரி என்பதைப் பணக்காரர் மாத்திரம் கொடுக்கவில்லை. சோப்பு வாங்குகின்ற கூலிக்காரனும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றான். அப்படிப்பட்ட அரிசியைச் செத்துப்போனவர் பெயரில் மாதாமாதம் வாங்குவதும், ஒரே ஆள் இரண்டு ஊர்களில் கார்டு வைத்துக்கொள்ளுவதும், கடைக்கு வராதவர் பெயரில் பில் போட்டு மூட்டையை வெளியில் தள்ளிவிடுவதும் அக்கிரமமேயாகும். இவை நடப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கணக்குக் கேட்பவனுக்குப் பயப்படுகின்றவன் அறிவுக்காரன் அல்ல. ஆனால், கணக்கு என்றால் அதற்கு வரவு, பற்று என்கின்ற இரண்டு பக்கங்கள் இருக்க வேண்டாமா? ஒரு பக்கத்தை மாத்திரம் எழுதிவிட்டு மறுபக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டால் அதற்குக் கணக்கு என்று பெயர் சொல்ல முடியுமா?

உணவு கொடுக்கும் விஷயத்தில் நேரக்கூடிய தப்புகள் இரண்டே வகைதான். ஒன்று, கொடுக்கக் கூடாதவனுக்குக் கொடுப்பது, அல்லது கொடுக்க வேண்டியதற்கு மேல் கொடுப்பது. மற்றொன்று, கொடுக்க வேண்டியவனுக்குக் கொடுக்காமலிருப்பது, அல்லது குறைத்துக் கொடுப்பது. முதல் தப்பினால் சர்க்காருக்குச் சில கிலோ அரிசி நஷ்டமாகும். இரண்டாவது தப்பினால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இவ்விரண்டில் எது பெரிய தப்பு என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. ஆயினும் நம் நாட்டில் பரிசோதனை என்று புறப்படுகின்றவர்கள் எல்லாம் முதல் தப்பைத்தான் தேடிப் போகின்றார்கள். இரண்டாவது தப்பைத் தேடுவதற்கு உத்தியோகஸ்தர்களும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவருக்குப் பாராட்டும் இல்லை.

இதன் விளைவு என்ன என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம். ஒரு கிராமத்தில் 100 கார்டுகள் இருப்பதாகவும், பரிசோதனை என்று வந்த அதிகாரி அவற்றில் 10 கார்டுகளை அடித்துவிட்டதாகவும் வைத்துக்கொள்ளுவோம். அந்தப் பத்தில் 2 மெய்யாகவே பொய்க் கார்டுகள். மீதி 8 உண்மையான குடும்பங்களுடையவை. ஆளுக்கு 5 கிலோ வீதம், 4 பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ. ஆகவே பொய்க் கார்டுகளை ஒழித்ததால் மிச்சமானது 40 கிலோ. உண்மைக் குடும்பங்களிடமிருந்து பறித்தது 160 கிலோ. ஆனால் அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் என்ன எழுதுவார்? "10 போலிக் கார்டுகள் ஒழிக்கப்பட்டன, மாதம் 200 கிலோ மிச்சம்" என்றுதான் எழுதுவார். தப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு மிச்சமும் அதிகமாகத் தெரியும்! பட்டினி போட்டதைச் சேமிப்பு என்று எழுத இடங்கொடுக்கின்ற கணக்கு முறையைப்போல் மோசமான முறை வேறு என்ன இருக்க முடியும்?

இது நமது கற்பனை என்று யாராவது சொல்லக்கூடும். ஆதலால் நடந்த விஷயங்களுக்கே வருவோம்.

2024ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மத்திய சர்க்கார், ஆதார் மூலமாகவும் விரல் ரேகை மூலமாகவும் சரிபார்த்ததில் 5 கோடியே 80 லட்சம் போலி ரேஷன் கார்டுகள் நீக்கப்பட்டன என்று மிகுந்த பெருமையுடன் அறிவித்தது. 5 கோடியே 80 லட்சமும் போலிதானா? செத்தவர், ஊர் மாறினவர், இரட்டைப் பதிவு ஆனவர், கலியாணமாகிப் பிரிந்து போனவர், விரல் ரேகை விழாதவர், ஆதார் எண்ணைக் கொடுக்க நேரம் கிடைக்காதவர் ஆகிய இத்தனை பேரையும் "போலி" என்கின்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், அதில் எத்தனை பேர் வயிறெரிந்து கிடக்கின்றார்கள் என்பது எப்படித் தெரியும்?

ஜார்க்கண்ட் மாகாணத்தில் 2017ம் வருஷம் மார்ச் மாதம், ஆதாரோடு இணைக்கப்படாத ரேஷன் கார்டுகள் ஏப்ரல் 5ந் தேதி முதல் செல்லாது என்று அம்மாகாணத் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். சில மாதங்களில், 11 லட்சத்துக்கு மேற்பட்ட போலிக் கார்டுகளை ஒழித்துவிட்டதாக அந்தச் சர்க்கார் தன் சாதனைகளில் ஒன்றாகப் பறையடித்துக்கொண்டது. அவ்வருஷம் செப்டம்பர் 28ந் தேதி சிம்டேகா ஜில்லாவில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்துப்போனாள். அவள் குடும்பத்தின் கார்டு ஆதாருடன் இணைக்கப்படாததால் ரத்தாகி, பல மாதங்களாக அரிசி கிடைக்காமல் இருந்தது. பசியால் செத்தாள் என்று பெற்றவள் சொன்னாள். மலேரியாவால் செத்தாள் என்று சர்க்கார் சொல்லிற்று. வியாதிதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும், அரிசி வாங்க உரிமையுள்ள ஒரு குடும்பத்தின் கார்டு அடிபட்டுக் கிடந்தது என்பது மாறிவிடாது. பின்னர், 2016 முதல் 2018 வரையில் அம்மாகாணத்தின் 10 ஜில்லாக்களில் ரத்தான கார்டுகளைப் பொருளாதார ஆராய்ச்சிக்காரர்கள் வீடு வீடாகத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். ரத்தானவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உண்மையாக இருக்கின்ற குடும்பங்களுடைய கார்டுகளே என்பது 2020ல் வெளியாயிற்று. நாம் மேலே காட்டிய சிறு கணக்கு மிகைப்படுத்தியதா, குறைத்துச் சொல்லியதா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

தெலுங்கானாவில் நடந்தது வேறு விதம். அங்கே 2014 முதல் 2019 வரையில் 18 லட்சத்துக்கு மேற்பட்ட கார்டுகள் ரத்து செய்யப்பட்டன. யார் வீட்டுக்கும் யாரும் போகவில்லை. யாருக்கும் முன்கூட்டி நோட்டீசும் கிடையாது. கம்ப்யூட்டரானது பல இலாகாக்களின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, இவனுக்குக் கார் இருக்கின்றது, அவனுக்கு நிலம் இருக்கின்றது என்று முடிவு கட்டிற்று. பெயர் ஒற்றுமையினால், ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவர் கார் உடையவராக ஆக்கப்பட்டு, அவருடைய விதவைக்கு அரிசி மறுக்கப்பட்டது! வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2016 முதல் ரத்தான கார்டுகளையெல்லாம் நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்று 2022ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் உத்தரவாயிற்று. முதலில் செய்ய வேண்டிய விசாரணை, ஆறு வருஷத்துக்குப் பிறகு கோர்ட்டு சொல்லித்தான் நடந்தது. அந்த ஆறு வருஷம் சாப்பிடாததை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மிஷினிடத்தில் நம்மவர்களுக்குள்ள பக்தியாகும். கடைக்காரரைக் கேட்டால் "மிஷின் ஏற்கவில்லை" என்கின்றார். தாலுகா ஆபீசில் கேட்டால் "கம்ப்யூட்டரில் வரவில்லை" என்கின்றார்கள். கேட்டவரும் தலையைக் குனிந்துகொண்டு, நம் தலையெழுத்து என்று வீட்டுக்குத் திரும்புகின்றார். முன்பு சாமியாடி சொன்னால் எதிர்க்கேள்வி கிடையாது. இப்பொழுது மிஷின் சொன்னால் எதிர்க்கேள்வி கிடையாது! மிஷின் என்பது மனிதன் செய்தது. அதற்குள் மனிதன் எதை எழுதி வைத்தானோ அதைத்தான் அது திருப்பிச் சொல்லும். எழுத்துப் பிழையோடு பெயரை ஏற்றினால் பிழையோடுதான் காட்டும். சுண்ணாம்பும் சிமிட்டியும் குழைத்து, கல்லுடைத்து, பாத்திரம் தேய்த்து ரேகை மழுங்கிப் போன விரலை அதனால் படிக்க முடியாது. அப்படிப் படிக்க முடியாமற்போனது மிஷினின் குறையா, உழைத்தவனின் குற்றமா? உழைத்து விரல் தேய்ந்தவனைத்தான் மிஷின் முதலில் தள்ளுகின்றது. ஒரு பாடும் படாதவனின் விரலோ பளிச்சென்று விழுகின்றது.

இனி, இந்தப் பரிசோதனையை வேறு விதமாகச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். அதற்கு அமெரிக்காவில் நடப்பதைச் சற்றுக் கவனிப்போம். அங்கே ஏழைகளுக்கு உணவுச் சாமான் வாங்கச் சர்க்கார் மாதாமாதம் பணம் கொடுக்கின்றது. பழைய நாளில் சீட்டாகக் கொடுத்ததால் "புட் ஸ்டாம்ப்" என்று பெயர். 2008 முதல் "ஸ்நாப்" என்று பெயர். சுமார் 4 கோடிப் பேர் அதனால் சாப்பிடுகின்றார்கள். இந்த உதவி சரியாகப் போகின்றதா என்பதற்கு அங்கே ஒரு பரிசோதனை முறை இருக்கின்றது.

அது என்னவென்றால், ஒவ்வொரு மாகாணமும் மாதந்தோறும், உதவி பெறும் குடும்பங்களில் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் எடுத்துக்கொள்ளும். சந்தேகப்பட்டு எடுப்பதல்ல, எந்தக் குடும்பத்தின் பெயரும் வரலாம். பரிசோதகர் முதலில் ஆபீசிலுள்ள கட்டைப் படிப்பார். பிறகு அந்தக் குடும்பத்தாரைக் கண்டு பேசி, வீட்டில் எத்தனை பேர், கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, வைத்தியச் செலவு உண்டா என்று கேட்பார். வேலை கொடுப்பவரையும் வீட்டுக்காரரையும் விசாரித்துச் சரிபார்ப்பார். கடைசியாக, அந்த மாதம் இவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு, கிடைத்திருக்க வேண்டியது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சிறு வித்தியாசத்தைத் தள்ளிவிடுவார்கள். 2024ம் நிதி வருஷத்துக்கு 56 டாலர் வரையில் தள்ளுபடி. அதற்கு மேற்பட்டால், கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் தப்பு, குறைத்துக் கொடுத்திருந்தாலும் தப்பு. இரண்டையும் கூட்டித்தான் அந்த மாகாணத்தின் தப்பு வீதம் கட்டப்படுகின்றது. மாகாணத்தார் செய்த சோதனையில் ஒரு பகுதியை மத்திய சர்க்கார் ஆட்கள் மறுபடியும் சோதிப்பார்கள். முடிவை வருஷந்தோறும் ஜூன் மாத முடிவுக்குள் உலகமறிய வெளியிட வேண்டும்.

2024ம் நிதி வருஷத்துக்கு அங்கு வெளியான கணக்குப்படி தப்பு வீதம் 100க்கு 10.93. இதில் கூடுதலாகக் கொடுத்தது 9.26, குறைத்துக் கொடுத்தது 1.67. இந்தத் தப்பு வீதம் மோசடியின் அளவு அல்ல என்று அந்தச் சர்க்காரே சொல்லுகின்றது. குமாஸ்தா கூலியைத் தப்பாகக் கூட்டியது, குடும்பத்தார் வாடகை மாறியதைச் சொல்லத் தாமதித்தது போன்றவைதான் பெரும்பாலும் காரணம். தப்புக்கும் திருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிலேயே பிரித்து வைத்திருக்கின்றார்கள். நமக்கு வேண்டியது இந்தப் பாடந்தான்.

இதனால் அமெரிக்காவை எவரும் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டும் என்பது நமது அபிப்பிராயமல்ல. அங்கும் ஓட்டை உண்டு. தப்பு வீதம் கூடினால் தங்களுக்கு அபராதம் வரும் என்று பயந்து, சில மாகாணங்கள் பரிசோதனைக் கணக்கையே திருத்தித் தப்பை மறைத்தன. அது வெளிப்பட்டதால், 2015, 2016ம் நிதி வருஷங்களுக்கு நாடு முழுவதற்குமான தப்பு வீதத்தையே வெளியிட முடியாமற்போயிற்று. விர்ஜீனியா, விஸ்கான்ஸின், அலாஸ்கா ஆகிய மாகாணங்கள் 2017ல் வழக்கைத் தீர்த்துக்கொள்ளப் பல லட்சம் டாலர் கட்டின. பரிசோதகனையும் பரிசோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமோ? மேலும், உரியவருக்கு அடியோடு உதவியை மறுத்த தப்பு அங்கே தனிக் கணக்கில்தான் போகின்றது. அதற்காக மாகாணத்துக்கு அபராதம் கிடையாது. இதோடுகூட, 2025ம் வருஷம் ஜூலை 4ந் தேதி கையெழுத்தான ஒரு சட்டத்தினால், 2028ம் நிதி வருஷம் முதல் தப்பு வீதம் 100க்கு 6 அல்லது அதற்கு மேலுள்ள மாகாணங்கள் உதவித் தொகையில் 5 முதல் 15 சதவிகிதம் வரை தாங்களே சுமக்க வேண்டும் என்று ஏற்பட்டிருக்கின்றது. விளைவு என்னவாகும்? கூடுதலாகக் கொடுத்தால் தண்டனை, கொடுக்காமலே விட்டால் தண்டனை இல்லை என்றால், எந்தக் குமாஸ்தாவின் கை கொடுப்பதற்கு நீளும்? சந்தேகம் வந்தால் இல்லையென்று சொல்லிவிடுவதுதான் பத்திரம் என்று எண்ணமாட்டானா? ஆகவே, எதை எண்ணுகின்றோமோ அதைத்தான் உத்தியோகஸ்தன் கவனிப்பான். எதை எண்ணாமல் விடுகின்றோமோ அது ஏழையின் தலையில் விடியும் என்பது அந்த நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் பொதுவான உண்மையாகும்.

நம் தமிழ்நாட்டைப் பற்றி இங்கு ஒன்று சொல்ல வேண்டும். 1997ல் மத்திய சர்க்கார், ஏழை என்று பட்டியலில் உள்ளவனுக்கு மாத்திரம் மலிவு ரேஷன் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அப்படிப் பிரிக்க மறுத்து எல்லோருக்கும் பொதுவாகவே கடையைத் திறந்து வைத்தது. 2016 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தபொழுதும் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. "பணக்காரனும் வாங்கிவிடுவானே" என்று இதைக் குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் அதிலுள்ள புத்திசாலித்தனம் என்னவென்றால், யார் ஏழை என்று சல்லடை போட்டுச் சலிக்கின்ற இடத்தில்தான் உரியவன் கீழே விழுந்துவிடுகின்றான். சல்லடை குறைந்தால் தப்பும் குறையும். அரிசி தேவைப்படாதவன் வரிசையில் வந்து நிற்கமாட்டான். ஆயினும், மத்திய சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் கார்டுகளுக்கும் அந்தியோதயாக் கார்டுகளுக்கும் விரல் ரேகைச் சரிபார்ப்பு இங்கும் உண்டு. ஆதலால் நம்மவர்களும் விஷயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பரிசோதனை வந்தால் எதை எதிர்பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை இனிச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம்.

முதலாவது, கார்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு தடவை கடைக்குப் போய் ரேகை வைக்க வேண்டும். இதற்குக் காசு கிடையாது. கேட்பவனுக்குக் கொடுக்கவும் வேண்டாம். வெளியூரில் வேலை செய்பவர் இதற்காகக் கூலியை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவர வேண்டியதில்லை. தாம் இருக்கும் ஊர்க் கடையிலேயே வைக்கலாம். ரேகை விழவில்லையென்றால் கண் பார்வையைக் கொண்டு பதியும் கருவியைக் கேட்க வேண்டும். 2025 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய உத்தரவுப்படி இந்தச் சரிபார்ப்பு 5 வருஷத்துக்கு ஒரு முறை வரும். 6 மாதம் தொடர்ந்து ஒன்றும் வாங்காத கார்டு தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, 3 மாதத்துக்குள் நேரில் விசாரிக்கப்படும். ஆகவே உரிமையுள்ளவர்கள் அலட்சியமாக மாதக்கணக்கில் வாங்காமல் இருந்துவிடலாகாது.

இரண்டாவது, செத்தவர் பெயரையும், கலியாணமாகிப் போன பெண்ணின் பெயரையும் நாமே சொல்லி எடுத்துவிட வேண்டும்; பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். 5 கிலோவுக்காகப் பொய் சொல்லுகின்றவன், தன் அண்டை வீட்டு ஏழையின் மீதும் சந்தேகத்தை வரவழைத்துவிடுகின்றான்.

மூன்றாவது, மிஷின் ஏற்கவில்லை என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினால் பேசாமல் திரும்பக் கூடாது. ஜார்க்கண்ட் சம்பவத்துக்குப் பிறகு 2017 அக்டோபர் 24ந் தேதி மத்திய சர்க்கார் எல்லா மாகாணங்களுக்கும் அனுப்பிய கடிதத்தில், ஆதார் இல்லை என்பதற்காகவோ, ரேகை விழவில்லை என்பதற்காகவோ, மிஷினுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை என்பதற்காகவோ உரியவருக்கு உணவு மறுக்கலாகாது என்றும், தக்க விசாரணையின்றிப் பெயரை நீக்கலாகாது என்றும் எழுதியிருக்கின்றது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமும், ரேகை ஒத்துவரவில்லை என்பதால் உரியவர் விடுபடலாகாது என்ற கருத்தையே கொண்டது. இதை வாயால் சொல்லத் தெரிந்திருந்தாலே பாதி அதிகாரம் அடங்கிப்போகும்.

நான்காவது, கார்டு ரத்து என்றால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். மனுவைக் கொடுத்து, அதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2013ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15வது பிரிவு ஒவ்வொரு ஜில்லாவிலும் குறை தீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும் என்கின்றது. 16வது பிரிவு மாகாண உணவுக் கமிஷன் இருக்க வேண்டும் என்கின்றது. உரிய தானியத்தைக் கொடுக்கத் தவறினால் அதற்குப் பதில் பணமாகக் கொடுக்க வேண்டும் என்பது 8வது பிரிவு. 1967 என்கின்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து புகார் சொல்லலாம். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்த வாலிபர்கள் எழுதிக் கொடுப்பதைவிட மேலான பொதுத் தொண்டு கிராமத்தில் வேறில்லை.

இவை ஜனங்கள் செய்ய வேண்டியவை. சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. பெயரை நீக்குவதற்கு முன் நோட்டீசு கொடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பி, நீக்கியதற்குக் காரணத்தை ஊரறிய ஒட்ட வேண்டும். விசாரணை முடியும்வரை அரிசி நிற்கக் கூடாது. நீக்கப்பட்டவர்களில் சிலரை வருஷந்தோறும் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவர்களை நீக்கியது சரியா என்று சம்பந்தமில்லாத வேறு ஆட்களைக் கொண்டு சோதித்து முடிவை வெளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "இத்தனை போலிகளை ஒழித்தோம்" என்று அறிக்கை விடும்பொழுதெல்லாம், "இத்தனை உரியவர்களைத் தவறாக நீக்கினோம், இத்தனை பேருக்குத் திருப்பிக் கொடுத்தோம்" என்பதையும் அதே காகிதத்தில் அச்சடிக்க வேண்டும். இதற்குப் புதிய மிஷின் ஒன்றும் வேண்டியதில்லை. நாணயம் இருந்தால் போதும்.

ரேஷன் அரிசி என்பது சர்க்கார் போடுகின்ற பிச்சையல்ல. பார்லிமெண்டு செய்த சட்டத்தினால் ஏற்பட்ட உரிமை. பிச்சைக்காரன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுப் போவான். உரிமைக்காரன் நிறுத்துப் பார்த்து வாங்குவான். பரிசோதிக்க வருகின்றவர் நம் கார்டைப் பார்க்கட்டும்; மறைக்க ஒன்றுமில்லாதவன் தாராளமாகக் காட்டட்டும். அவர் பார்த்து முடிந்த பிறகு, "அய்யா, நீங்கள் அடித்த பெயர்களில் எத்தனை தப்பு?" என்று அவருடைய கணக்கையும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கின்ற ஆள் ஊருக்கு ஒருவராவது இருந்துவிட்டால், பரிசோதனை என்றதும் எந்தக் கிழவியும் கார்டை மடியில் மறைக்க வேண்டிய அவசியமிராது. அந்த ஓர் ஆளாக நமது தோழர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.